டிஸ்க் என்கிரிப்ஷன் மந்தமா? முதலில் சிப்பைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சங்கத்துக்காகப் பழைய தாள்களை ஸ்கேன் செய்து வருகிறோம். 1860 முதல் மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஒப்பந்தச் சீட்டுகள், குடும்பப் படங்கள், அவற்றோடு இன்றைய உறுப்பினர்களின் அடையாள எண்களும் அதே லேப்டாப்களில்தான் இருக்கின்றன. லேப்டாப் திருடு போனால் எல்லாம் யாரோ ஒருவர் கையில். எங்கள் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவும் இவற்றைக் காக்கச் சொல்கிறது. அதனால் லினக்ஸில் லக்ஸ் என்ற என்கிரிப்ஷன் முறையைப் போட்டு டிஸ்க்கைப் பூட்டினோம், அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கினோம். மெஷின் இழுக்கிறது, பூட்டை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எடுக்கவே வேண்டாம். மந்தத்துக்குக் காரணம் மெஷினுக்கு மெஷின் வேறு, மருந்தும் வேறு.

ஏஇஎஸ் என்பது பரவலான ஒரு சைஃபர், அதாவது குறியாக்க முறை. அதைச் சிப்பே வேகமாகச் செய்து முடிக்கும் ஏஇஎஸ் கட்டளைகள் ப்ராசஸரில் உண்டா என்று முதலில் பாருங்கள். இன்டெல் 2010இல் அவற்றைக் கொண்டுவந்தது. ராஸ்பெரி பை 5 என்ற சின்ன கம்ப்யூட்டரில் உண்டு, பை 4இல் கிடையாது. இருந்தால் டிஸ்க்குக்கு வழக்கமாகப் போடும் ஏஇஎஸ் வகையான ஏஇஎஸ்-எக்ஸ்டிஎஸ் போதும், சைஃபரை மாற்றி எதுவும் கிடைக்காது. இல்லாவிட்டால் அடியாண்டம் என்ற சைஃபர்தான் என் தேர்வு. கூகுள் ஆட்கள் மலிவு ஃபோன்களை மனதில் வைத்து வடிவமைத்தது, லினக்ஸின் மையமான கெர்னலில் 5.0 பதிப்பில் சேர்ந்தது. ஒரு செக்டருக்கு, அதாவது டிஸ்க்கின் ஒரு துண்டுக்கு, ஏஇஎஸ்ஸை ஒரே ஒரு தடவைதான் அழைக்கும், மிச்ச வேலையை சாச்சா என்ற இன்னொரு சைஃபரும் ஹாஷ் கணக்கும் பார்த்துக்கொள்ளும். கார்டெக்ஸ் ஏ7 சிப்பில் ஏஇஎஸ்-256-எக்ஸ்டிஎஸ்ஸைவிட ஏறக்குறைய 5 மடங்கு வேகம் என்பது அவர்கள் அளந்து சொன்னது. லோட் ஷெடிங் நேரத்தில் பேட்டரியை நம்பி ஓட்டும்போது சிபியு வேலை குறைவது பெரிய விஷயம்.

ஆனால் ஏஇஎஸ் உள்ள சிப், வேகமான எஸ்எஸ்டி, அப்படியும் இழுக்கிறது என்றால்? அங்கே கணக்கு போடுவதில் தாமதம் இல்லை, காத்திருப்பதில்தான். லக்ஸுக்காகக் குறியாக்க வேலையைச் செய்யும் கெர்னல் பகுதியான டிஎம்-கிரிப்ட், படிக்க, எழுத வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் வரிசையில் போட்டு, தனியே ஓடும் இன்னொரு த்ரெட்டுக்குக் கைமாற்றுகிறது. டிஸ்க் மெதுவாக இருந்த காலத்தில் அது உறுத்தவில்லை. கெர்னல் 5.9 முதல் படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று என இரண்டு ஆப்ஷன்கள் வந்தன, வரிசையைத் தாண்டி நேரே வேலையை முடிக்க. எஸ்எஸ்டியில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதும் வரிசையைத் தொடாதீர்கள். செக்டர் வாரியாக அடுக்கி எழுதுவது அந்த வரிசைதான், அதை எடுத்தால் ஊசி அங்குமிங்கும் அலையும்.

செக்டர் அளவு தனிக் கதை. பழைய வழக்கம் 512 பைட், அதாவது 4096 பைட்டுக்கு 8 தடவை தனித்தனியே குறியாக்கம். லக்ஸின் இரண்டாம் வடிவமான லக்ஸ்2இல் 4096 என்று வைத்தால் ஒரே தடவை. ஏஇஎஸ், அடியாண்டம் இரண்டுக்கும் இது நல்லது, அடியாண்டத்துக்கு இன்னும் அதிகம்.

டிஸ்க் முழுவதையும் விட்டு, ஸ்கேன் ஃபோல்டரை மட்டும், ஃபோல்டர் வாரியாகக் குறியாக்கும் எஃப்எஸ்கிரிப்ட்டில் பூட்டலாமே என்றால், சுமை குறையும்தான். ஆனால் ஃபைல் அளவும் தேதியும் வெளியே தெரியும், டெம்ப் ஃபோல்டரில் ஒரு நகல் கிடந்தால் பூட்டியதற்கே அர்த்தமில்லை. எங்களுக்கு ஒத்துவராது.

லக்ஸை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது மெமரிக்குள் அளப்பது, டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. சைஃபர்களை ஒப்பிட உதவும், வரிசைத் தாமதத்தைக் காட்டாது. அதற்கு உங்கள் ஸ்கேன் ஃபோல்டரையே காப்பி செய்து நேரம் பாருங்கள்.

வரிசை ஆப்ஷன்களை எப்போது வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம். சைஃபரையோ செக்டர் அளவையோ மாற்றினால் டிஸ்க் முழுவதும் மறுபடி எழுதப்படும். அதற்கு முன் இன்னொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அதையும் பூட்டி வையுங்கள்.