நான்கு நாள் பயணத்துக்கு ஒரு சைக்கிள்: சேலத்துக் கடை ஒன்றின் 'ஓவராயில்'

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு தெருவில், 'இங்கு சைக்கிள் ஓவராயில் செய்யப்படும்' என்று ஒரே ஒரு வரி எழுதிய பலகையுடன் இருக்கும் கடையைப் பற்றி எழுதுகிறேன். பலகையில் வேறு பெயர் இல்லை. எங்கள் வட்டத்தில் எல்லோரும் 'அண்ணன் கடை' என்றே சொல்கிறோம். கடந்த பிப்ரவரியில் நானும் நண்பர் ஒருவரும் சேலத்தில் புறப்பட்டு, ஏற்காடு ஏறி, குப்பனூர் வழியாக இறங்கி, ஆத்தூர், ராசிபுரம், கொல்லிமலை, நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, மேட்டூர் என்று சுற்றி நான்காம் நாள் வீடு வந்து சேர்ந்தோம். தொலைவு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தப் பயணத்துக்கு என் சைக்கிளைத் தயார் செய்து தந்தவர் இந்தக் கடைக்காரர்தான்.

இதே சுற்றை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை தொடங்கி, மூன்றாம் நாள் காலை நாமக்கல்லோடு நிறுத்திக்கொண்டேன். அப்போது வேறொரு பெரிய கடையில் முழு சர்வீஸ் செய்திருந்தேன். சைக்கிள் பளபளத்தது, கியர் சத்தமில்லாமல் விழுந்தது, முதல் இரண்டு நாளும் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்தபோது வலக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், சட்டைப் பித்தானைக்கூடப் போட முடியவில்லை. படியிறங்கும்போது இடது முழங்காலின் முன்பக்கம் குத்தியது. சைக்கிளைச் சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன். ஒரே நாளில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டால், சீட் சற்றுத் தாழ்ந்திருந்ததும் ஹேண்டில்பார் எட்டாமல் இருந்ததும் மறுநாள் ஓய்வில் மறந்துபோகும். அந்த ஓய்வு இல்லாமல், அதே இருப்பில் மணிக்கு நாலாயிரம் முறைக்கு மேல் மிதித்துக்கொண்டு நாளுக்கு நாள் போகும்போது, சிறு பிசகு ஒவ்வொன்றும் உடம்பில் சேர்ந்துகொண்டே வந்து மூன்றாம் நாள் காலை வெளிப்படுகிறது. இதை அறிந்து வேலை செய்யும் ஒருவரைத் தேடித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

வண்டியை இறக்கி நிறுத்தியதும் அண்ணன் அதைத் தொடவேயில்லை. "எத்தன நாளுங்க சார்? சாமான் எத்தன கிலோ வெப்பீங்க? ராத்திரி ஓட்டுவீங்களா?" என்று மூன்று கேள்விகளைக் கேட்டார். நான் முன்பு பாதியில் நின்ற கதையைச் சொன்னதும், சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி என்னை ஏறி உட்காரச் சொன்னார். குதிகாலைப் பெடல்மேல் வைத்து முழுவதும் கீழே இறக்கும்போது முழங்கால் மடங்காமல் நேராக நிற்கும் உயரத்தையே அவர் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறார். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலுக்கு வேண்டிய சிறு மடக்கு தானாகக் கிடைத்துவிடும். என் சீட் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது தெரிந்தது. முழங்காலின் முன்பக்கம் வலித்ததற்கு அதுவே காரணம் என்றார். கை மரத்ததற்கு, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் எனக்கு நீளமாக இருந்தது காரணம்: உடம்பின் எடை முன்னால் சாய்ந்து, உள்ளங்கையின் அடியில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பை மணிக்கணக்கில் அழுத்தியிருக்கிறது. 110 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 90 மில்லிமீட்டர் ஒன்றைப் போட்டார். புது இருப்புக்கு உடம்பு பழக வேண்டும் என்பதால், பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வராதவர்களுக்கு இந்த மாற்றத்தை அவர் செய்வதில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த கண்டிப்பு.

அடுத்தது கியர். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அது முதல் நாள் வேலை. இரண்டாம் நாள் மாலை, காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்குக் கொல்லிமலையின் எழுபது வளைவுகள். என் சைக்கிளில் முன்னால் சிறிய பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். ஏற்காட்டுக்கு மட்டும் என்றால் இது போதும். பல முறை இதிலேயே ஏறியிருக்கிறேன். அண்ணன் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 34-28 கூட்டில் மிதிகட்டை ஒரு சுற்று வந்தால் சைக்கிள் ஏறத்தாழ 2.6 மீட்டர் நகரும். பின்னால் 34 பல் போட்டால் 2.1 மீட்டர்தான் நகரும். மலைப்பாதையில் என் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த வேகத்தில் போக, பழைய கூட்டில் நிமிடத்துக்கு 58 சுற்று, புதியதில் 70 சுற்று. மேலே போய்ச் சேரும் நேரம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அந்த ஆறில் ஒரு பங்கு முதல் நாள் தெரியவே இல்லை. கொல்லிமலையின் நாற்பதாவது வளைவைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்தில், முழங்கால் வலியின்றி உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டிருந்தபோது நன்றாகத் தெரிந்தது.

34 பல்லைத் தாங்க என் பழைய பின் டிரெய்லருக்கு, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பாகத்துக்கு, நீளம் போதவில்லை. ஆகவே நீளக் கூண்டு உள்ள ஒன்றும், அதற்கேற்ற நீளத்தில் புதுச் செயினும் போட வேண்டியிருந்தது. பழைய செயினை அளவுகோல் வைத்துப் பார்த்து, அது நீண்டு தேய்ந்திருப்பதைக் காட்டிவிட்டே மாற்றினார். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் ஓட்டினால் பல்லும் சீக்கிரம் தேயும் என்பதால் அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஓவராயில் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஓவர்ஹால் என்ற ஆங்கிலச் சொல் நம் ஊர்ப் பட்டறைகளில் எண்ணெயோடு சேர்ந்து ஓவராயில் ஆனது. வாடகைச் சைக்கிள் இருந்த காலத்தில் அதற்கு அர்த்தம் தெளிவாக இருந்தது: அச்சு உருளத் தாங்கும் கோன், பால்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை எறிந்து, புதுக் கிரீஸ் வைத்துத் திரும்பப் பூட்டுவது. இப்போதைய சர்வீஸ் பல இடங்களில் கழுவித் துடைத்து, வெளியே தெரியும் இடங்களில் எண்ணெய் விடுவதோடு முடிகிறது. இந்தக் கடையில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் பின் சக்கரத்தின் அச்சைக் கழற்றியபோது ஒரு பக்கக் கோனில் சிறு பள்ளம் விழுந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்த எவருக்கும் அது தெரிந்திருக்காது.

சக்கரத்தில் கோட்டம் எடுக்கும் வேலையை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரிம் நேராக ஓடுகிறதா என்பதோடு அவர் நிறுத்துவதில்லை. ஒவ்வொரு ஸ்போக்கையும் விரலால் மீட்டி, ஒரே பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கின்றனவா என்று கேட்கிறார். ஒன்றிரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தாலும் மற்றவை அந்தச் சுமையைத் தாங்கிக்கொண்டு ரிம் நேராகவே ஓடும். பின்னால் ஆறு கிலோ பை ஏறி, குண்டும் குழியுமான சாலையில் நாள்கணக்கில் ஓடும்போது இறுக்கம் சமமில்லாத கம்பிகள் முறியக்கூடும். எனக்கு ஒரு கம்பியும் முறியவில்லை.

பிரேக் கட்டையில் பதிந்திருந்த அலுமினியச் சிராய்களை ஊசியால் எடுத்துவிட்டு, பின்னதை மட்டும் மாற்றினார். கொல்லிமலையில் இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வரக்கூடாது, வளைவுக்கு முன்பு முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். விளிம்பில் பிடிக்கும் பிரேக் இடைவிடாமல் தேய்த்தால் ரிம் சூடேறி டியூபின் காற்றழுத்தம் கூடும். அவர் சொன்னபடியே இறங்கி, காரவள்ளியில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது.

டயர் பற்றிய அவருடைய அறிவு இந்த வட்டாரத்திலேயே பிறந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகியவை லாரிகளின் ஊர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் போகின்றன. வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையோரத்தில், சைக்கிள் போகும் அதே இடத்தில் கிடக்கும். முள்ளைவிட இவை மோசம். கண்ணுக்குத் தெரியாது, விரலால் எடுக்கவும் முடியாது, கவனிக்காமல் புது டியூபைப் போட்டால் அதையும் குத்திவிடும். ஆகவே 25 மில்லிமீட்டர் டயருக்குப் பதில் 28 போட்டு, காற்றழுத்தத்தைப் பின்னால் 80 பி.எஸ்.ஐ., முன்னால் 75 என்று குறைத்து வைத்தார். கருவிப்பையில் டியூப், ஒட்டு, பம்பு ஆகியவற்றோடு ஒரு சிறு சாமணமும், என் மெல்லிய வால்வைச் சாதாரணப் பஞ்சர் கடைக் காற்றுக் குழாயோடு பொருத்தும் ஒரு பித்தளை மூக்கும் வைத்தார். திருச்செங்கோட்டைத் தாண்டியதும் எனக்கு ஒரு பஞ்சர் ஆனது. தலைமுடி அளவு கம்பி. சாமணத்தால் எடுத்து, டியூபை மாற்றி, பக்கத்துப் பஞ்சர் கடையில் அந்தப் பித்தளை மூக்கை வைத்துக் காற்றுப் பிடித்துக் கிளம்ப இருபது நிமிடம் ஆனது.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. சைக்கிளைச் சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதமாகத்தான் தந்தார். புது இருப்புக்குப் பழக மூன்று வாரம் வேண்டும் என்று சொன்னவரே அதில் நான்கு நாளை எடுத்துக்கொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது. கியர் கேபிளைப் புதிதாகப் போட்டால், கொஞ்சம் ஓட்டியபின் அது படிந்து தளரும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறுக்கிக்கொள்ளும்படி அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ராசிபுரத்துக்கு முன்னால், மிதிக்கும்போதே செயின் ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவத் தொடங்கியது. தொலைபேசியில் அழைத்தேன், உடனே எடுத்து, பின் டிரெய்லரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார், கால் திருப்பில் சரியாகிவிட்டது. அந்தப் பொறுமைக்கு நன்றி. ஆனால் கைபேசித் தொடர்பு கிடைக்காத மலை வளைவில் அது நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி அன்று முழுவதும் என்னோடு இருந்தது. மூன்றாவதாக, அவர் பரிந்துரைத்த சீட்டடிப் பை எனக்குப் பொருந்தவில்லை. எழுந்து நின்று மிதித்தால் பை இருபுறமும் ஆடியது. இரண்டாம் நாள் ஒரு நாடாவை வாங்கிச் சீட் கம்பத்தோடு இழுத்துக் கட்டிய பிறகே அடங்கியது.

கட்டணம்: உழைப்புக் கூலி 1,500 ரூபாய், பல்சக்கரம், டிரெய்லர், செயின், கேபிள், ஸ்டெம், டயர் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்குச் சற்று மேல் ஆனது. பாகங்களை அவர் அட்டையில் போட்டிருக்கும் விலைக்கே தருகிறார், பழைய பாகங்களைத் தனிப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். செய்த வேலைக்கு அந்தக் கூலி குறைவு என்றே சொல்வேன்.

பிரவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம், ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கடையைக் கூடுதலாகப் பரிந்துரைக்கிறேன். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 ஐ 20 மணியிலும், 400 ஐ 27 மணியிலும், 600 ஐ 40 மணியிலும் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு மனப்பாடம். 1891 இல் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் வரை பேசுகிறார். ஆனால் அவருடைய அக்கறை நேரக் கணக்கில் இல்லை. வழியில் உதவி வண்டி பின்தொடர அனுமதியில்லாத அந்தப் பயணங்களில் ஓட்டுகிறவர் தன் கையாலேயே எதையெல்லாம் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதில்தான் இருக்கிறது. இரவில் ஓட்டுவேன் என்று சொன்ன நண்பரின் முன் விளக்கைக் கழற்றிப் பார்த்து, அதிர்வில் தளரும் பிடியை மாற்றி, பின்னால் இரண்டாவது விளக்கு ஒன்றைக் கட்டாயம் மாட்டச் சொன்னார். செயினை வெட்டிச் சேர்க்கவும் டியூப் மாற்றவும் என்னைக் கடையிலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லி, நான் தடுமாறிய இடத்தில் மறுபடி செய்ய வைத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

காலையில் ஏற்காடு போய்வருகிறவர்களுக்கும், வாரம் ஒருமுறை ஓமலூர் வரை ஓட்டுகிறவர்களுக்கும் இவ்வளவு வேலை தேவையில்லை. அவர்கள் பிரேக்கையும் செயினையும் பார்த்துக்கொண்டால் போதும். அடுத்தடுத்து மூன்று நாளுக்கு மேல் ஓட்டப் போகிறவர்கள் குறைந்தது ஐந்து வாரம் முன்னதாகப் போங்கள், தாமதத்துக்கும் சேர்த்து. நீங்கள் ஓட்டும்போது போடும் அதே காலணியை அணிந்துகொண்டு, பையில் சாமானை முழுவதும் நிரப்பிக்கொண்டு போங்கள். அந்தச் சுமையோடுதான் அவர் சீட்டையும் சக்கரத்தையும் பார்ப்பார். கேபிளை மறுபடி இறுக்க எப்போது வர வேண்டும் என்பதை அவர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.