செஸ்னா 185: சரக்குக்கும் கரட்டுத் தரைக்கும் ஏற்றதா?

ஓடுபாதை என்று அழைக்கவே தயங்க வேண்டிய கல்தரைகளிலும் ஆற்று மணலிலும் இறங்கிச் சரக்கைக் கொண்டு சேர்க்க ஒரு சிறு விமானம் தேடியபோது, கடைசிவரை என் பட்டியலில் நின்றவை செஸ்னா நிறுவனத்தின் 185, 206 ஆகிய இரண்டு மட்டுமே. டி ஹாவிலாண்டு நிறுவனத்தின் பெரிய சரக்கு விமானமான பீவர் மீது ஆசை இல்லாமலில்லை. ஆனால் அதன் 450 குதிரைத்திறன் எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றி எனக்குக் கட்டுப்படியாகாது.

206இன் பின்புற இரட்டைக் கதவு சரக்கேற்ற மிகவும் வசதியானது. ஆயினும் மெதுவாகப் பறப்பதற்காக இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பான ஃபிளாப்பை இறக்கிவிட்டால், கதவின் முன்பாதி அதில் இடித்துக்கொண்டு முழுதாகத் திறக்காது. அவசரத்தில் பின்னிருக்கைக்காரர் வெளியேற வேண்டிய வழி அதுதான். மேடுபள்ளத்தில் 206இன் மூக்குச் சக்கரத்தின் கால் தாங்குமா என்ற கவலையும் சேரவே, 1961 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட 185இல், 300 குதிரைத்திறன் கொண்ட பிந்தைய வகையை வாங்கினேன்.

185க்கு மூக்குச் சக்கரம் கிடையாது; மூன்றாவது சக்கரம் வாலடியில் இருக்கிறது. இத்தகைய வால் சக்கர விமானத்துக்குரிய விலையை விமானிதான் கொடுக்க வேண்டும். ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் சற்றே கோணினாலும் வால் முன்னே சுழன்று வரப் பார்க்கும். பின்புறம் மூட்டைகள் கனத்திருந்தால் இந்தக் குணம் இன்னும் கடுமையாகும். விமானம் முற்றாக நிற்கும்வரை, திசையைத் திருத்தும் மிதிகளில் கால்களுக்கு ஓய்வில்லை.

மேம்படுத்தும் வேலையை எஞ்சினிலோ டயரிலோ தொடங்காமல் தராசில் தொடங்கியதே நான் செய்த உருப்படியான காரியம். ஆவணத்திலிருந்த வெற்று எடை, அதாவது ஆளும் சரக்கும் ஏற்றாத விமானத்தின் எடை, பல ஆண்டுகளாகக் காகிதத்திலேயே கூட்டியும் கழித்தும் எழுதப்பட்டு வந்தது. நிறுத்துப் பார்த்தால் 30 கிலோவுக்கு மேல் கூடுதல். அனுமதிக்கப்பட்ட உச்ச எடையே ஏறத்தாழ 1,520 கிலோதான். 300 லிட்டர் பெட்ரோல் மட்டும் அதில் 216 கிலோவை எடுத்துக்கொள்ளும். எனவே பழைய கம்பளத்தையும் பயன்படாத ரேடியோக்களையும் அவற்றின் கம்பிகளோடு கழற்றினேன். அதற்கு ஆன செலவு ஒரு நாள் உழைப்பு.

அடுத்து, இறக்கையின் முன்விளிம்பையொட்டி வரிசையாக ஒட்டப்படும் விரல்நுனி அளவுள்ள தகடுகள். வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் எனப்படும் இவற்றின் எடை பொருட்படுத்தத் தக்கதன்று. மெதுவான வேகத்திலும், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்புகளான ஐலரான்கள் சொன்னபடி கேட்கின்றன. குளிர்காலத்தில் இறக்கைமீது போர்த்தும் உறையை இழுக்கும்போது துணி இவற்றில் சிக்கிக் கிழிவது ஓர் எரிச்சல். குறைந்த வேகத்தில் இறங்க முடிவதால் ஏற்றத்தக்க சுமையும் தானாகக் கூடிவிட்டதாக எண்ணுபவர்கள் உண்டு. சான்றிதழில் உச்ச எடை மாறாதவரை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை.

29 அங்குல டயர்களை ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துக் கழற்றிவிட்டேன். கற்களை அவை தலையணை போல விழுங்குவது உண்மை. பறக்கும் நேரமெல்லாம் காற்றை இழுத்து வேகத்தையும் தின்றன. நான் இறங்கும் தரைகளுக்கு 26 அங்குலமே போதும்.

விமானத்தின் அடியில் பொருத்தும் சரக்குப் பெட்டியான வயிற்றுப் பெட்டியைத்தான் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுமை ஈர்ப்பு மையத்துக்கு அருகிலேயே அமைகிறது. மண்ணெண்ணெய் வாடையடிக்கும் டப்பாக்கள் பயணியின் மூக்கருகே வருவதில்லை. அதைப் பொருத்திய பட்டறை எடைத் தாளைத் திருத்தாமலே விமானத்தை ஒப்படைத்தது. நான் மறுபடியும் தராசில் ஏற்றிய பிறகே முதல் மூட்டையை உள்ளே வைத்தேன்.