கிரீன்விச்சா, ரோதர்ஹித்தா? தேம்ஸ் கரையில் ஒரே ஒரு நாள்

லண்டனில் கப்பல் காலத்துச் சுவடுகளைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லோரும் கைகாட்டுவது கிரீன்விச். அதே தென்கரையில், நகர மையத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் வந்தால் ரோதர்ஹித். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு ரோதர்ஹித்துக்கு. முதல் முறை, அதுவும் பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் கிரீன்விச்சுக்கே போகட்டும்.

பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க அவ்வளவு இருக்கிறது. 1869-ல் சீனத் தேயிலை ஏற்றி வரக் கட்டிய 'கட்டி சார்க்' பாய்மரக் கப்பலை உயரத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடிவயிற்றுக்குக் கீழேயே நடக்கலாம். குன்றின் மேல் 1675-ல் தொடங்கிய வானாய்வகம். நம் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறதே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான். கூரையில் உள்ள சிவப்புப் பந்து தினமும் சரியாக 1 மணிக்கு விழும். ஆற்றில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்தன. 12.55-க்கே அது மேலே ஏறத் தொடங்கிவிடும், முன்னாலேயே போய் நில்லுங்கள்.

செலவு? கடல்சார் அருங்காட்சியகம் இலவசம். கப்பலுக்கும் வானாய்வகத்துக்கும் டிக்கெட் உண்டு. சனி, ஞாயிறு என்றால் கூட்டம் நெரிக்கும்.

ரோதர்ஹித்தில் பிரம்மாண்டம் எதுவும் கிடையாது. குறுகலான தெரு, பழைய கிடங்குகள், 'மேஃப்ளவர்' என்ற மதுக்கடை, எதிரே புனித மேரி தேவாலயம், பக்கத்தில், தேம்ஸ் சுரங்கப்பாதையைக் கட்டிய பொறியாளர் புரூனலின் பெயரில் ஓர் அருங்காட்சியகம். எல்லாம் சில நிமிட நடைக்குள். 1620-ல் மேஃப்ளவர் கப்பலை அமெரிக்காவுக்கு ஓட்டிச் சென்ற கேப்டன் கிறிஸ்டோபர் ஜோன்ஸ் இந்த ஊரில் வாழ்ந்தவர். 1622-ல் இந்தத் தேவாலய வளாகத்தில்தான் அடக்கமானார். பசிபிக்கின் பலாவ் தீவிலிருந்து வந்து, 1784-ல் பெரியம்மையில் இறந்துபோன இளவரசர் லீ பூவின் கல்லறையும் இங்கேதான். அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த பிள்ளை, சில மாதங்களிலேயே போய்விட்டான்.

இரண்டு ஊர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது டிரஃபால்கர் கடற்போர். 1805-ல் அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் உடலை கிரீன்விச்சின் ஓவிய மண்டபத்தில் வைத்து ஊரே அஞ்சலி செலுத்தியது. குண்டு துளைத்த அவருடைய கோட்டு இன்றும் அங்குள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய கப்பலுக்கு அடுத்து வந்து சண்டையிட்ட 'டெமரேர்' என்ன ஆனது? 1838-ல் ரோதர்ஹித்துக்கு இழுத்து வரப்பட்டு, உடைத்துப் பிரிக்கப்பட்டது. அதன் மரத்தில் செய்த நாற்காலிகள் புனித மேரியில் இருக்கின்றன. தளபதிக்கு அங்கே மண்டபம்; கப்பலைப் பிரித்த தொழிலாளிகள் இங்கே. கடல் வரலாறு என்றால் எனக்கு இவர்களும்தான்.

ரோதர்ஹித்தின் தேம்ஸ் சுரங்கப்பாதையும் அப்படித்தான். கப்பல் போகும் ஆற்றுக்கு அடியில் உலகிலேயே முதலில் தோண்டியது இதுதான், 1825-ல் தொடங்கி 1843-ல் முடிந்தது. 1828-ல் ஆற்று நீர் உள்ளே புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பாதையில் இப்போது ரயில் ஓடுகிறது. ரோதர்ஹித்திலிருந்து வாப்பிங்குக்கு ஒரே ஸ்டேஷன், அவசியம் ஏறிப் பாருங்கள். நியாயமாகச் சொன்னால் கிரீன்விச்சிலும் இப்படி ஒன்று உண்டு: கப்பல் துறைத் தொழிலாளிகள் வேலைக்கு நடந்து போக 1902-ல் திறந்த ஆற்றடிப் பாதை. அங்கே போகிறவர்கள் அதைத் தவறவிட வேண்டாம், காசும் கிடையாது.

ரோதர்ஹித்தில் ஒரு சிக்கல்: தேவாலயமும் புரூனல் அருங்காட்சியகமும் எப்போது போனாலும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நடக்கத் தெம்பிருந்தால் ரோதர்ஹித்தில் காலையில் தொடங்கி, கரையோரப் பாதையிலேயே டெட்ஃபோர்டு வழியாக கிரீன்விச் வரை போய்விடலாம். அப்போது பந்து விழுவதைப் பார்ப்பது கஷ்டம்தான்.