பம்பரில் பற்ற வைத்த ஹிட்ச்: முப்பந்தலில் நான் பட்ட பாடு

ஃபுட் டிரெய்லர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சாப்பாட்டுக் கடை) செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நாகர்கோவில் பக்கத்துப் பட்டறைதான். பெயர் போடவில்லை, கோர்ட்டுக்கு அலைய எனக்குத் தெம்பில்லை.

குற்றாலச் சீசனுக்குக் கொண்டுபோய் நிறுத்தி டீயும் பழம்பொரியும் போடலாம் என்று நானும் மச்சானும் சேர்ந்து செய்த ஏற்பாடு. டிரெய்லருக்கு 2,80,000 ரூபாய். என் பொலிரோவில் ஹிட்ச், அதாவது டிரெய்லரை இழுக்கும் இணைப்பு மாட்ட, ‘சேஸிஸ் மவுண்ட் (வண்டியின் அடிச்சட்டத்திலேயே மாட்டுவது), சேஃப்டி செயின் (ஹிட்ச் கழன்றால் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் சங்கிலி)’ என்று துண்டுச் சீட்டில் எழுதி, தனியாக 18,000 வாங்கினார்கள். ஆர்.சி. பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்கு தம்பி, உங்க வண்டிக்கு இருக்குல்லா?” என்றார் ஓனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜூலை மாதம், ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது அறுபதில்தான் போனேன். ஒரு பஸ் எங்களை ஓவர்டேக் செய்து போனது. அது ஒதுங்கிய நொடியில் பின்னால் யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் ஒருமுறை இடப்பக்கம் தெரிகிறது, மறுமுறை வலப்பக்கம். பயத்தில் பிரேக்கை மிதித்தேன். ஆட்டம் இரட்டிப்பானது. “பிரேக்க விடுங்க மச்சான்!” என்று பக்கத்தில் இருந்த மச்சான் கத்தியதும்தான் காலை எடுத்தேன். எப்படியோ ஓரம் கட்டினோம்.

டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் அண்ணாச்சி ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். ஹிட்ச் சேஸிஸைத் தொடவே இல்லை. பம்பர் பட்டையில் பற்ற வைத்து, மேலே கறுப்புப் பெயிண்டைக் கெட்டியாக அப்பியிருந்தார்கள். அந்த வெல்டில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல். செயினோ ஆடு கட்டுகிற சங்கிலி மாதிரி ஒன்று. அதையும் அதே பம்பரில்தான் கொக்கி போட்டிருந்தார்கள்! பம்பர் பிய்ந்தால் செயினும் கூடவே போகும். தடிமனான செயின் இரண்டைச் சேஸிஸோடு சேர்ந்த இடத்தில், டிரெய்லர் மூக்குக்கு, அதாவது வண்டியோடு இணையும் முன்முனைக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டுமாம். கழன்றாலும் மூக்கு அதன் மேல் தொட்டிலில் விழுவது போல விழுமாம்.

டிரெய்லரைக் கழற்றிப் பின்பக்க ஜாக்கை இறக்கினோம். மூக்கை நான் ஒற்றைக் கையால் தூக்கிவிட்டேன். 200 லிட்டர் தண்ணீர் டேங்க், சிலிண்டர், அடுப்பு எல்லாவற்றையும் அச்சுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். “மூக்குல கனம் இல்லாட்டா வால் ஆடும் தம்பி. ஆட ஆரம்பிச்சா ஆக்ஸிலேட்டர விட்டுட்டு ஸ்டீரிங்க நேரா பிடிச்சுக்கிடணும், பிரேக்க மிதிக்கப் பிடாது” என்றார் அண்ணாச்சி. பிறகு சாமானோடும் தண்ணீரோடும் வாழைக்காய் மண்டித் தராசில் எடை பார்த்தோம். மொத்தம் 700 கிலோ, மூக்கில் வெறும் 15. மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் அங்கே இருக்க வேண்டும், அதாவது 70 கிலோவுக்குக் குறையக் கூடாது.

ஹிட்ச் பந்திலும் கோளாறு. பந்தைக் கவ்வும் டிரெய்லர் மூக்குக் கிண்ணம் (கப்ளர்) 50 மி.மீ., வண்டியில் மாட்டிய பந்து 1⅞ அங்குலம், அதாவது 47.6 மி.மீ. பூட்டு மாட்டியது போலத்தான் தெரியும், மேட்டுப் பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். பந்தின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும், நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்கவில்லை.

ரெக்கவரி வண்டிக்கு 6,000 கொடுத்து வீடு சேர்ந்தோம். மறுநாள் பட்டறைக்குப் போனால், “நீங்க ஸ்பீடா போயிருப்பீங்க” என்றார் ஓனர். ரொம்ப நேரம் கத்திய பிறகு 5,000 ரூபாயை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் வேறொருவரின் பொலிரோ நின்றுகொண்டிருந்தது. அதன் பம்பரில் அடித்த கறுப்புப் பெயிண்ட் இன்னும் காயவில்லை.