தெர்மோஸ்டாட் இல்லாமல் 20 மாதம், மாட்டிய பிறகு 5 வருடம்

என் வண்டி 2014-இல் புதிதாக வாங்கிய 1200 சிசி பெட்ரோல் கார். இன்றைக்கு 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீடு கோவையில், மாமனார் வீடு வால்பாறையில். மாதம் இரண்டு தடவையாவது ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்க வேண்டும். மற்ற நாட்களில் ஆபீஸுக்குப் போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். என்ஜினுக்கு இரண்டுமே கஷ்டமான ஓட்டம்தான். மலையில் சூடு ஏறும், ஆபீஸ் ஓட்டத்தில் சூடு ஏறவே ஏறாது. இரண்டாவதும் ஒரு பிரச்சினை என்று 2018-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அந்த வருடம் ஏப்ரலில், 44,000 கி.மீ. வாக்கில், என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கில் கூலன்ட், அதாவது என்ஜினை ஆற்றும் திரவம், கசிந்தது. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போயிருந்தது, பெரிய வேலை இல்லை. வழக்கமாகப் போகும் பட்டறையில் விட்டேன். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது மெக்கானிக் கையில் விரலளவு உருளையும் ஸ்பிரிங்குமாக ஒரு பித்தளைச் சாமானைக் காட்டினார். அதுதான் தெர்மோஸ்டாட். "இது எதுக்குங்க சார்? குளிர் நாட்டுக்காரனுக்கு வெச்சது. நம்ம ஊரு வெயிலுக்குத் தேவையே இல்லீங்க. கழட்டிட்டேன், இனிமே வண்டி ஜில்லுனு ஓடும்" என்றார். காலியான இடத்தை மூடி, குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டார். அவருக்கு இருபத்தைந்து வருட அனுபவம். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னபடியே ஜில்லென்றுதான் ஓடியது. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் நடுவில் போய் நிற்கும் டெம்பரேச்சர் முள், இப்போது கால்வாசியைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் அதைப் பெருமையாகக் காட்டியதுகூட உண்டு.

டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரை டைரியில் எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதில் 16.5 என்று வந்துகொண்டிருந்த மைலேஜ் 15.2 ஆனது, பிறகு 14.6-இல் நின்றுவிட்டது. முதலில் பெட்ரோல் பங்கைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். டயர் காற்றைப் பார்த்தேன். ஏர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டேன். ஒன்றும் நகரவில்லை. அப்புறம் ஒரு நாள் ஆயில் மூடியைத் திறந்தால், உள்பக்கம் காபி நுரை மாதிரி வெளிறிய பசை. வேறொரு பட்டறையில் காட்டியதும் "ஹெட் கேஸ்கெட்டுங்க, ஹெட் இறக்கணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். என்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதற்குள் மலையிலும் இரண்டு கூத்து நடந்தது. 2019 மே மாதம், ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏசி ஓடுகிறது. இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது, எப்போதும் கால்வாசியில் படுத்துக்கிடக்கும் முள் நடுவைத் தாண்டி மேலே போனது. ஏசியை அணைத்துவிட்டு ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்றோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடாகாது என்று சொன்னாரே, பிறகு எப்படி? வெயில் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அதே டிசம்பரில் வால்பாறையிலிருந்து விடியற்காலையில் இறங்கினோம். கவர்க்கல் பக்கம் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. உள்ளே கண்ணாடி வேர்க்கிறது, ஹீட்டரை முழுக்கத் திருப்பினால் குளிர்காற்றுதான் வருகிறது. இறக்கத்தில் என்ஜினுக்குப் பாரம் இல்லை, சூடும் இல்லை. மனைவி துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வர, ஊர்ந்து இறங்கினேன்.

பொள்ளாச்சி வந்ததும் நண்பர் ஒருவர் சொன்ன பட்டறைக்கு விட்டேன். அங்கே வயதான மெக்கானிக் ஒருவர். வண்டியை ஒரு மணி நேரம் ஆறவிடச் சொன்னார். பிறகு ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ரேடியேட்டர் மூன்றையும் மாறி மாறிக் கையால் தொட்டுப் பார்த்தார், ஃபேன் பக்கம் கை போகாமல். ஐந்தாறு நிமிடத்தில் மூன்றும் ஒன்றுபோல வெதுவெதுப்பாகிவிட்டன. "என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே ரேடியேட்டர் சூடாகுது பாருங்க தம்பி. உள்ளே வால்வே இல்ல." நல்ல வண்டியாக இருந்தால் முள் நடுவுக்கு வரும்வரை கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணி மாதிரி ஜில்லென்று இருக்க வேண்டுமாம். ஸ்கேனர் இல்லை, ஒரு திருகுகூட அவிழ்க்கவில்லை.

அவர் சொன்னதையும் பிறகு நானாகப் படித்ததையும் சேர்த்து எனக்குப் புரிந்தது இது. அந்தப் பித்தளை உருளைக்குள் இருப்பது மெழுகு. என் வண்டியில் 82 டிகிரி செல்சியஸ் வந்ததும் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை அமுக்கி வால்வைத் திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். மூடியிருக்கும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். திறந்த பிறகும் அது சும்மா இருப்பதில்லை. பாரத்துக்கும் காற்றுக்கும் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தும் மூடியும் சூட்டை ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது.

என் மே மாதக் கேள்விக்கு விடை அந்த பைபாஸில் இருந்தது. என் வண்டி தெர்மோஸ்டாட்டில் இரண்டு தட்டு. மேல்தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது கீழ்த்தட்டு பைபாஸை அடைக்கும். மொத்தத்தையும் கழற்றிவிட்டால் பைபாஸை அடைக்க ஆளில்லை. கொதிக்கிற கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி என்ஜினுக்குள் வந்துவிடும். சமதளத்தில் அது தெரியாது. மலையில், வேகம் குறைவு, காற்று குறைவு, பாரம் அதிகம் என்றால் தெரியும். "தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது" என்று சில பட்டறைகளில் காரணம் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. வேகமாகத் தள்ளுவதால் ஆறுவது குறையாது. தண்ணீர் வழி மாறிப் போவதுதான் பிரச்சினை.

ஆயில் மூடி நுரைக்கும் இதே காரணம்தான். ஆறு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆயில் சரியாகச் சூடாகாததால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிட்டது. மைலேஜும் அப்படியே. என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டித்தான் ஊற்றும். ஹெட் கேஸ்கெட்டில் ஒரு கோளாறும் இல்லை. இறக்கியிருந்தால் தண்டச் செலவு.

முதல் மெக்கானிக்கை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பழைய அம்பாசிடர், லாரி காலத்தில் ரேடியேட்டர் பாதி அடைத்துக் கிடக்கும், வெறும் தண்ணீர் ஊற்றித் துரு ஏறி வால்வு மூடியபடி இறுகிக்கொள்ளும், நடுவழியில் என்ஜின் கொதிக்கும், சாமானும் உடனே கிடைக்காது. கழற்றி எறிவதுதான் அன்றைக்குப் பிழைக்கும் வழி. வண்டி மாறியும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

2020 ஜனவரியில், 62,000 கி.மீ.இல், கம்பெனி தெர்மோஸ்டாட்டும் புது ஓ-ரிங்கும் போட்டேன். சாமான் விலை 720 ரூபாய். துருத்தண்ணீர் நிறம் போகும்வரை ஃப்ளஷ் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியோ, ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். தெர்மோஸ்டாட் விளிம்பில் ஒரு பொடி ஓட்டையும் அதில் ஆடுகிற ஊசியும் இருக்கும். உள்ளே சிக்கிய காற்று வெளியேற அது மேல்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் மூடினார். முதல் இரண்டு நாள் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவில் அளவு பார்க்கச் சொன்னார். கொஞ்சம் இறங்கியது, ஊற்றினேன், பிறகு இறங்கவில்லை.

மாற்றுவதற்கு முன், வண்டி சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியைச் செருகி போனில் பார்த்தபோது பொள்ளாச்சி ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் கூலன்ட் சூடு 63, 64 டிகிரி. மாற்றிய பிறகு அதே ரோட்டில் 85, 86. மலை ஏறும்போது 90-ஐ ஒட்டிப் போய்விட்டுத் திரும்பிவிடுகிறது. ஆயில் மாற்றிய பின் மூடியில் நுரை இல்லை. மைலேஜ் 16.1-இல் நிற்கிறது. பழைய 16.5 வரவில்லை. அந்த 20 மாதத்தில் ஓடிய 18,000 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் 140 லிட்டருக்கு மேல் வீண். அன்றைய விலையில் பத்தாயிரம் ரூபாய்.

2023-இல் வாட்டர் பம்ப் மாற்றும்போது, கையோடு கையாக தெர்மோஸ்டாட்டையும் மாற்றலாம் என்று தோன்றியது. கம்பெனி சாமான் கைவசம் இல்லை, 280 ரூபாய்க்கு வேறொன்று கிடைத்தது. ஏழு மாதத்தில் ஹைவேயில் முள் மறுபடி சரிய ஆரம்பித்தது. இந்தத் தடவை நானே கழற்றி, முன்பு எடுத்து வைத்திருந்த பழையதோடு சேர்த்து அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனேன். வால்வு இடுக்கில் நூலைக் கொடுத்து, அந்த நூலிலேயே பழையதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டேன், பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். 83 டிகிரியில் வால்வு வாய் திறந்து, நூலை விட்டு டொக்கென்று அடியில் விழுந்தது. 280 ரூபாய்க்காரனில் நூல் நிற்கவே இல்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஆறிய நிலையிலேயே மெல்லிய கீற்று தெரிந்தது.

மூன்று வருடம் உழைத்த பழையதையே கழுவித் திரும்ப மாட்டினேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது. புது கம்பெனி சாமான் ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தை மட்டும் மனைவி சமையலுக்குத் திரும்ப எடுக்கவில்லை.