பழைய பைக்குக்கு அடிட்டிவ் ஊற்றலாமா? கம்பம் கடை அலமாரியில் எது தேறும், எது தேறாது

கம்பம், போடி பக்கம் எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாலும் ஆயில் டப்பாக்களுக்கு மேல் தட்டில், ஆயிலிலோ பெட்ரோலிலோ கலக்கும் அந்தச் சின்ன அடிட்டிவ் பாட்டில்கள் நிற்கும். புகை நிறுத்த ஒன்று, இழுவைக்கு ஒன்று, மைலேஜுக்கு ஒன்று. கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பழைய ஸ்ப்ளெண்டர், சிடி 100 வண்டிகள்தான் இவற்றுக்கு முக்கிய வாடிக்கை. பெரும்பாலான பாட்டில்கள் காசுக்குப் பிடித்த கேடு. ஒன்றிரண்டு மட்டும், இடமறிந்து ஊற்றினால் வேலை செய்யும்.

எஞ்சின் ஆயிலில் கலப்பவற்றை முதலில் பார்ப்போம். காரில் ஆயில் எஞ்சினுக்கு மட்டும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டியில் அதே ஆயிலில்தான் கிளட்ச் பிளேட்டும் நனைகிறது, கியர்பாக்ஸும் ஓடுகிறது. டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற ஜப்பானியத் தரக்குறி போட்டிருப்பது இதற்காகத்தான்: கிளட்ச் வழுக்காத அளவுக்கு அந்த ஆயிலில் உராய்வு மிச்சம் வைத்திருக்கிறார்கள். கார்க்கார உராய்வுக் குறைப்பு பாட்டிலை இதில் ஊற்றினால், எஞ்சினுக்குக் கிடைக்கும் லாபத்தைக் கிளட்ச் தின்றுவிடும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முறுக்கும்போது எஞ்சின் மட்டும் அலறி, வண்டி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

ஊற்றித் தொலைத்துவிட்டால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். 200, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்ற வேண்டும். அதற்கும் அடங்கவில்லையென்றால் பிளேட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. கண்ணாடி மாதிரி பளபளத்துப் போன பிளேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது ஒரு மாதத்து வைத்தியம், புதுசு போட்டுவிடலாம்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுக்கு இந்தப் பயம் கிடையாது. அதில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஆயில். புல்லட்காரர் சொல்வதைக் கேட்டு ஸ்ப்ளெண்டர்காரர் ஊற்றினால் என்ன ஆகும் என்பது இப்போது புரியும்.

அளவிலும் ஒரு கோளாறு. 300 மி.லி. பாட்டில் காரின் 4 லிட்டர் ஆயிலுக்குக் கணக்கிட்டது. 900 மி.லி. பிடிக்கும் எஞ்சினுக்கு அதே விகிதத்தில் 65, 70 மி.லி.தான் வரும். முழுப் பாட்டிலையும் கவிழ்த்தால் மட்டம் ஏறி, எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஆயில் போய்ச் சேரும்.

அதிகம் விற்பது புகை நிறுத்தும் பாட்டில். தேன் மாதிரி கெட்டியாக இருக்கும். உள்ளே இருப்பது ஆயிலைத் தடிக்க வைக்கும் பாலிமர், வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. ஊற்றிய வாரம் புகை குறையும். பிறகு கியர்ப் பற்கள் அந்தப் பாலிமரை அரைத்து அறுத்துவிடும், ஆயில் மறுபடி நீர்த்துப்போகும், புகை திரும்பி வரும். வண்டியை விற்கப் போகிறவர்கள் இந்தப் பாட்டிலை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டிப்ஸ்டிக்கில் ஆயில் நூலாக இழுக்கிறதா என்று விரலில் தொட்டுப் பார்ப்பது நல்லது.

புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மலை ரோடே ஒரு சோதனைச் சாலை. மெட்டிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மூடியபடி இறங்கி, அடிவாரத்தில் முறுக்கும்போது ஒரு கொத்து நீலப் புகை அடித்துவிட்டு நின்றால், வால்வுத் தண்டைச் சுற்றி இருக்கும் சீல் அல்லது கைடு தேய்ந்திருக்கும். மூடிய கார்பரேட்டருக்குப் பின்னால் உண்டாகும் வெற்றிடம் வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. ஏற்றத்தில் முறுக்க முறுக்கத் தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கும். உறுதி செய்ய, எஞ்சினைச் சூடாக்கிப் பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து ஐந்தாறு உதை. பிறகு பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி உதைத்துப் பார்க்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். தேய்ந்த போருக்கு 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனில் ஆரம்பிக்கும் போர் வேலைதான் மருந்து. தேய்ந்துபோன இரும்பை எந்தப் பாட்டிலும் திருப்பித் தராது.

டெஃப்ளான் கலந்தது என்று சொல்லி விற்பவை பழைய கதை. அமெரிக்காவில் ஸ்லிக் 50 நிறுவனம் செய்த விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்து, 1997-ல் அது சமரசத்தில் முடிந்தது. துத்தநாகம் கலந்த பாட்டில்களும் வீண். எம்ஏ தர ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டு போதுமான அளவு ஏற்கெனவே இருக்கிறது.

எஞ்சின் உள்பக்கத்தைக் கழுவும் ஃப்ளஷ் மட்டும் கொஞ்சம் தேறும். ரிங் தேயாமல், கரியேறி ஒட்டிக்கொண்டு மட்டும் இருந்தால் அது இளகும். பழைய ஆயிலோடு லேபிளில் சொன்ன அளவு விட்டு, சென்டர் ஸ்டாண்டில் ஐட்லிங்கில் பத்து நிமிடம் ஓட விட்டு, சூட்டோடு வடிக்க வேண்டும். ஃப்ளஷ் உள்ளே இருக்கும்போது வண்டியை ஓட்டக் கூடாது. வருடக்கணக்கில் ஆயில் மாற்றாத எஞ்சினில் இதைச் செய்தால் பெயர்ந்த கசடு ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்து, மேலே வால்வுகளைத் திறக்கும் கேமுக்கு ஆயில் ஏறாமல் போகும். அப்படிப்பட்ட வண்டிக்கு வலதுபக்க கவரைத் திறந்து, வலையையும் சுழலும் ஃபில்டர் கிண்ணத்தையும் கையால் துடைத்து, அடுத்த ஆயிலை 500 கிலோமீட்டரிலேயே மாற்றுவது பத்திரம். கிண்ணத்தின் சுவரில் தார் மாதிரி அப்பியிருக்கும் கரியை ஒரு தடவை பார்த்தவர்கள் ஃப்ளஷ் பாட்டிலை அவ்வளவாக நம்ப மாட்டார்கள்.

இனி பெட்ரோல் பக்கம். பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் தரத்தை ஏற்றும் ஆக்டேன் பூஸ்டர் இந்த வண்டிகளுக்குத் தண்டச் செலவு. பங்கில் விற்கும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேனே இந்தக் குறைந்த கம்ப்ரஷன் எஞ்சின்களுக்கு மிச்சம். மேலே போகப் போகக் காற்று மெலியும், 1000 மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு. பூப்பாறை, நெடுங்கண்டம் பக்கம் இழுவை குறைவதற்கு அதுதான் காரணம். உயரத்தில் எஞ்சினுக்கு வேண்டிய ஆக்டேனும் குறையத்தான் செய்கிறது.

தண்ணீர் எடுக்கும் பாட்டிலைப் பார்த்தால் சிரிப்பு வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலில் பத்து லிட்டருக்கு இரண்டு லிட்டர் எத்தனால் இருக்கிறது, அதில் இன்னும் 50 மி.லி. சேர்த்து என்ன ஆகப்போகிறது? இடுக்கி மழையில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வெளியே நனைந்து நிற்கும் வண்டியில், டேங்க் மூடியின் ரப்பர் கேஸ்கெட் காய்ந்துபோனால் தண்ணீர் இறங்கும். அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனி அடுக்காக நின்றுவிடும். டேங்க்கை முழுக்க வடிப்பதைத் தவிர அதற்கு வழியில்லை. பாட்டில் காசுக்குப் புது கேஸ்கெட்டும் புது பெட்ரோல் டியூபும் வாங்கலாம். பழைய டியூப் எத்தனாலில் ஊறி உதிர்ந்தால் துகள், பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை ஊசியில் மாட்டி, கார்பரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும்.

பாலிஈதர்அமின் கலந்த பெட்ரோல் கிளீனர் ஒன்றை மட்டும் வாங்கலாம். இன்டேக் வால்விலும் கார்பரேட்டரிலும் லேசாகப் படிந்த பிசினை அது கரைக்கும். ஒரு ஃபுல் டேங்குக்கு லேபிள் அளவு, வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். ஆனால் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங்கில் நிற்கவில்லை என்றால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்ன ஓட்டையான பைலட் ஜெட் அடைத்திருக்கும், பெட்ரோலே போகாத ஓட்டைக்குள் கிளீனர் எப்படிப் போகும்? ஜெட்டைக் கழற்றி, கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றழுத்தத்தில் ஊத வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அப்புறம் மைலேஜ் குறையும். மழைக்காலத்தில் வண்டியை இரண்டு மூன்று வாரம் நிறுத்துகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடி, மிதவைக் கிண்ணத்தின் அடி ஸ்குரூவைத் திறந்து வடித்துவிட்டால் இந்த அடைப்பே வராது.