சீசரா, பொம்பியா: யார் கெட்டிக்காரத் தளபதி?

சீசரின் திறமையை எடைபோட, இன்றைய பிரான்ஸை ஒட்டிய ‘கால்’ (Gaul) நாட்டில் அவர் நடத்திய போர்கள் மட்டும் போதாது. எதிரில் நின்றவரும் ரோமப் படையை நடத்தத் தெரிந்த ரோமானியராக இருக்க வேண்டும். அதற்கு, ரோம உள்நாட்டுப் போரில் சீசரை எதிர்த்து நின்ற பொம்பியை விட்டால் ஆள் இல்லை.

ஏற்பாட்டில் பொம்பிதான் மேல். கி.மு. 67-இல் மத்தியதரைக் கடலை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத் தளபதியைப் போட்டு, சுமார் மூன்றே மாதத்தில் கடற்கொள்ளையரை ஒடுக்கினார். சீசரோ கி.மு. 48-இல் பொம்பியைத் தேடிப் போகையில், கப்பல் போதாமல் பாதிப் படையை இத்தாலியிலேயே விட்டுவிட்டு ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டினார். துணிச்சல் என்றும் சொல்லலாம். எனக்கு அது சூதாட்டமாகத்தான் படுகிறது.

அப்புறம், இன்றைய அல்பேனியக் கடற்கரையில் டிர்ராக்கியம். தன்னுடையதைவிடப் பெரிய பொம்பியின் படையை, அதுவும் கடல் வழியாகத் தானியம் வந்துகொண்டிருந்த படையை, அரண் கட்டி வளைக்கப் பார்த்தார் சீசர். கடைசியில் வளைத்தவர்கள்தான் பட்டினி கிடந்தார்கள். ஏதோ ஒரு வேரைப் பாலோடு பிசைந்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். பொம்பி அரணை உடைத்தபோது சீசரின் 32 படைக்கொடிகள் பறிபோயின. ஓடியவர்களைத் தடுக்கப்போன சீசரையே அவருடைய வீரன் ஒருவன் குத்த வந்தான். ஆனால் பொம்பி துரத்தவில்லை. ஜெயிக்கத் தெரிந்தவன் அங்கே இருந்திருந்தால் இன்றே கதை முடிந்திருக்கும் என்றார் சீசர்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கிரேக்கத்தில் பார்சலஸ் போர். சீசர் தரும் கணக்கில் அவரிடம் 22,000 காலாட்கள், பொம்பியிடம் 45,000; குதிரை வீரர்கள் 1,000-க்கு 7,000. எழுதியவரே ஜெயித்தவர் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். எதிரியின் குதிரைப்படை முழுக்கத் தன் வலப்பக்கம் குவிவதைக் கண்டதும், மூன்றாம் வரிசையிலிருந்து ஆட்களை உருவி, நான்காவதாக ஒரு வரிசையை ஒளித்து நிறுத்தினார். ஈட்டியை எறியாதே, முகத்தைப் பார்த்துக் குத்து என்று உத்தரவு. பாய்ந்து வந்த குதிரைகள் திரும்பி ஓடின. அந்த வரிசை அப்படியே சுற்றிப்போய் பொம்பியின் இடப்பக்கத்தில் விழுந்தது.

பொம்பியின் திட்டமும் மோசமில்லை. அது உடைந்தால் அடுத்தது என்ன என்பதுதான் அவரிடம் இல்லை. சீசருக்கோ பாதி வாழ்க்கை உடைந்த திட்டத்தை ஒட்டவைப்பதிலேயே போயிருந்தது. குதிரைப்படை சிதறியதைப் பார்த்ததும் பொம்பி கூடாரத்துக்குப் போய்விட்டார். அவருடைய காலாட்படை அப்போதும் களத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.